நாமக்கல் ஷெட் நாட்குறிப்பு: ஃபில்டர் வாங்கும் மாதம்

ஜனவரி 3, 2025, வெள்ளி

பொங்கலுக்கு எங்கள் லாரிகள் ஊர் வந்து சேர ஆரம்பித்துவிட்டன. பெரும்பாலான வண்டிகள் ஒன்றாக ஷெட்டில் நிற்பது இந்த நாட்களில்தான், சர்வீஸ் எல்லாம் இப்போது வந்து விழுகிறது. ஆயில் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று முதலாளி கணக்குப் போட்டிருக்கிறார். எடுக்கும் பொறுப்பு என் தலையில்.

சேலம் ரோட்டில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். "எத்தன மைக்ரான்ல வேணுங்கண்ணா? பத்து இருக்குது, அஞ்சும் இருக்குது. நம்பர் சின்னதா இருந்தா நல்ல ஃபில்டருங்க" என்றான் கவுண்டரில் இருந்த தம்பி. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஃபில்டர் பிடிக்கிற தூசியின் அளவை அதில்தான் சொல்வார்கள். "பத்து மைக்ரான் தூசி நூறு வந்தா, இது எத்தனயப் புடிக்கும்?" என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் இல்லை.

அதுதான் விஷயமே. பாதியை விட்டுவிட்டுப் பாதியைப் பிடிக்கிற ஃபில்டரிலும் 10 மைக்ரான் என்று அச்சடிக்கலாம், நூற்றுக்கு 99 பிடிக்கிறதிலும் அதையே அச்சடிக்கலாம். கூடவே, உள்ளே போகிற தூசி வெளியே வருவதைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்கிற பீட்டா எண்ணைப் பார்க்க வேண்டும். பீட்டா 2 என்றால் அந்த அளவுத் தூசியில் பாதி நிற்கும். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம், 200 என்றால் 99.5. ஆயில் ஃபில்டருக்கு ஐ.எஸ்.ஓ. 4548-12, டீசல் ஃபில்டருக்கு ஐ.எஸ்.ஓ. 19438 என்று சோதனை முறைகளே இருக்கின்றன. நல்ல கம்பெனிகள் கேட்டால் இந்த விவரத்தைத் தருகிறார்கள். கேட்பவர்தான் குறைவு.

ஜனவரி 6, திங்கள்

கழற்றிய ஆயில் ஃபில்டர்களை அறுத்துப் பார்த்தோம். ஆக்சா பிளேடு போடக் கூடாது, பிளேடு தூளே உள்ளே விழுந்து எஞ்சின் தூள் மாதிரி பயமுறுத்தும். அதற்கென்று உருளை கட்டர் இருக்கிறது, டின் மூடி திறக்கிற மாதிரி விளிம்பைச் சுற்றி வெட்டிக்கொண்டு போகும். உள்ளே இருக்கிற வடிகட்டும் பேப்பரை உருவி, மடிப்பு மடிப்பாக வெட்டி, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் செய்தித்தாளின் மேல் விரித்துப் போட்டான் ஃபிட்டர். காந்தத்தை மேலே ஓட்டினால் இரும்புத் தூள் ஒட்டும். ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் புஷ்ஷையும் பேரிங்கையும் சந்தேகப்பட வேண்டும். எங்கள் வண்டிகளில் கறுப்புக் கசடு மட்டும்தான். நிம்மதி.

ஒரு ஃபில்டர் மட்டும் வேறு ஜாதி. வெளிமாநிலத்தில் வழியில் அவசரத்துக்கு டிரைவர் வாங்கி மாட்டியது. பெட்டியும் பெயிண்டும் அசல் போலவே இருந்தன. உள்ளே பார்த்தால் மடிப்புகள் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டும் மறுபக்கம் விரல் நுழைகிற அளவு விலகியும் இருந்தன. பேப்பரும் மேல்தட்டும் சேரும் இடத்தில் பசை பாதிச் சுற்றுக்கு இல்லை. அந்த இடைவெளி இருக்கும்போது ஆயில் பேப்பர் வழியாக ஏன் போகப் போகிறது? ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கிற ரப்பர் வளையம் கட்டை போல இறுகிக் கிடந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் லைட் அணைய நேரமாகிறது என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்தார், காரணம் இதுதான். ராத்திரி ஃபில்டர் காலியாகிவிட்டால் காலையில் ஆயில் ஏறி வரும்வரை பேரிங் காய்ந்துதான் சுற்றும்.

ஜனவரி 8, புதன்

முதலாளியிடம் ஒரு வாக்குவாதம். "நெருக்கமான பேப்பரா போட்டா எஞ்சினுக்கு நல்லதுதானே?" என்கிறார். இல்லைங்க. ஆயில் ஃபில்டருக்குள் அல்லது எஞ்சினின் ஃபில்டர் ஹெட்டில் ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. ஃபில்டரின் இரண்டு பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால் அது திறந்துகொள்ளும். ஆயில் வடிகட்டாமலேயே பேரிங்குக்குப் போகும். எஞ்சின் வறண்டு போவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்று வைத்த ஏற்பாடு. பேப்பர் ரொம்ப நெருக்கமாகவும் பரப்பு குறைவாகவும் இருந்தால் சீக்கிரம் அடைத்து, அந்த வால்வு திறந்தபடியே வண்டி ஓடும். 5 மைக்ரான் ஃபில்டர் போட்டு, வடிகட்டாத ஆயிலில் ஓட்டுவதில் என்ன லாபம்? எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கிறது என்பதோடு, எத்தனை கிராம் அழுக்கைத் தாங்கும் என்பதையும் கேட்க வேண்டும். கண்ணாடி இழை கலந்த செயற்கைப் பேப்பர் விலை கூடினாலும் இரண்டிலும் வெறும் காகிதத்தை மிஞ்சும்.

இன்னொன்று, மரை ஒத்துப்போகிறது, கேஸ்கெட் உட்காருகிறது என்பதற்காக மாட்டிவிடக் கூடாது. பைபாஸ் திறக்கிற அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சில கம்மின்ஸ் எஞ்சின்களின் ஃபில்டரில் முழு ஓட்டத்துக்கு ஒரு பகுதி, கொஞ்சம் ஆயிலை மட்டும் இன்னும் நுணுக்கமாக வடிகட்ட இன்னொரு பகுதி என்று ஒரே டப்பாவுக்குள் இரண்டும் இருக்கும். அந்த இரண்டாவது பகுதி இல்லாத டப்பாவும் வெளியே பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். பார்ட் நம்பர்தான் பேச வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

டீசல் ஃபில்டரில் பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் ஒரே சரக்கு எடுக்க முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டேன். பி.எஸ். என்பது புகைக் கட்டுப்பாட்டு விதியின் கட்டம். பி.எஸ். 3 வண்டியில் பழைய மாதிரி இன்லைன் பம்ப், டீசலைப் பீய்ச்சுகிற நாசில் திறப்பது சுமார் 200, 250 பார் அழுத்தத்தில். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கிற காமன் ரெயில், அழுத்தம் 1,600 பாருக்கு மேலேயும் போகும். அங்கிருந்து டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான். மனித முடி சுமார் 70 மைக்ரான். பழைய நாசில் சமாளித்துக்கொள்கிற தூசி இங்கே இன்ஜெக்டரையே தின்றுவிடும், ஒரு இன்ஜெக்டர் விலையில் பல வருஷத்து ஃபில்டர் வாங்கலாம்.

அதனால் இரண்டு கட்டம். முதலில் தண்ணீர் பிரிக்கிற கிண்ணத்தோடு பெரிய ஃபில்டர், அடுத்து 4, 5 மைக்ரான் அளவில் நுணுக்கமானது. பி.எஸ். 6 டீசலில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீர் இருக்கலாம் என்று விதியே விட்டுவைத்திருக்கிறது, டேங்கில் வேர்ப்பது அதற்கு மேல். டேஷ்போர்டில் தண்ணீர் லைட் எரியும்வரை காத்திருக்க வேண்டாம், காலையில் அடித் திருகைத் திறந்து கொஞ்சம் வடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

கிளீனர் பையன் புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். நடு ஓட்டை வழியாக ஊற்றினால் அது ஏற்கெனவே வடிகட்டி முடித்த பக்கம், கேன் அழுக்கு நேராக இன்ஜெக்டருக்குப் போகும். காலியாக மாட்டி, கைப்பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். நேரம் ஆகும்தான், ஆகட்டும்.

ஜனவரி 13, திங்கள், போகி

ஊருக்கு வராத ஒரே வண்டி காஷ்மீர்ப் பக்கம். விடிகாலையில் காசிகுண்டிலிருந்து டிரைவர் அண்ணன் போன். "ஸ்டார்ட் ஆவுது, ஒரு நிமிஷத்துல நின்னுருதுங்க." ஃபில்டர் அடைத்திருக்கிறது, ஆனால் அழுக்கால் அல்ல, மெழுகால். டீசல் குளிரில் மெழுகு கட்டும். சாதாரண டீசல் ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலைக்கு விதி குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 என்றுதான் வைத்திருக்கிறது. அங்கே ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே. லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019-இல் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசல் கொண்டுவந்தது, நம் டேங்கில் இருப்பது வழியில் நிரப்பியது.

"மண்ணெண்ணெய் கலந்துரட்டுங்களா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தக் காலத்து வண்டிக்குச் சரி. பி.எஸ். 6-இல் அதன் கந்தகம் புகைக்குழாயில் இருக்கிற வடிகட்டிகளைக் கெடுக்கும், வழவழப்பு இல்லாததால் பம்பையும் தேய்க்கும். சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஃபில்டரைச் சுற்றிக் கட்டி, வெயில் வரட்டும் என்று காத்திருக்கச் சொன்னேன். பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டாராம்.

ஜனவரி 20, திங்கள்

ஆர்டர் போட்டாச்சு. பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஆயில், டீசல் இரண்டும் எஞ்சின் கம்பெனி பார்ட் நம்பரிலேயே. வாரண்டியும் ஓடுகிறது, அதில் பேரம் இல்லை. பழைய வண்டிகளுக்கு வெளிச் சந்தையில் நல்ல பெயர் உள்ள சரக்கு, சோதனைத் தாளைக் காட்டிய டீலரிடம் மட்டும். முதலாளி நினைத்த அளவு விலை குறையவில்லை, முகம் கொஞ்சம் சுருங்கியது. அறுத்துப் போட்ட அந்தப் போலி ஃபில்டரை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு செட் டீசல் ஃபில்டர் கேபினிலேயே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். வழியில் இனி யாரும் வாங்க வேண்டியதில்லை. காஷ்மீர் போகிற வண்டிக்கு இரண்டு செட்.