க்நொப்லி

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் ஆங்கில சேர் பாடப்புத்தகம் இல்லாமல் வந்தார். கக்கத்தில் ஒரு பழைய தலையணை. எங்கள் கட்டுரைக் கொப்பிகளை மேசையில் போட்டுவிட்டு, "பாதையும் ரஃப், மரமும் ரஃப், மெத்தையும் ரஃப். வேறு சொல்லே கிடைக்கவில்லையா?" என்றார். தமிழில் கரடுமுரடு என்ற ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டியவர்கள் நாங்கள்.

தலையணை வாங்கு வாங்காகக் கைமாறியது. உறை வழவழவென்றுதான் இருந்தது. அழுத்தினால் உள்ளே பஞ்சு கட்டிகட்டியாக விரலில் நெருடியது. "இது லம்பி. கட்டி பொருளுக்குள்ளேயே கிடக்கும். பாதை பம்பி, மேடு மேலே நிற்கும். சைக்கிளில் போனால் உடம்பே சொல்லிவிடும்."

ரஃப் கையில் உராய்கிற சொரசொரப்பு, மரப்பட்டை மாதிரி. கோர்ஸ் என்றால் பருமணல், தடித்த நூலில் நெய்த துணி. அங்கே மணியும் இழையும்தான் பருமன். அன்ஈவன் மட்டம் சரியில்லை என்பதோடு நின்றுவிடும். பளபளக்கும் மேசையும் அன்ஈவனாக இருக்கலாம். ரகெட் மலைக்கும் பாறைக் கரைக்கும் உரியது, தலையணைக்கு அவ்வளவு பெருமை கிடையாது. கொரகேற்றெட் (corrugated) மட்டும் ஒழுங்கான பிள்ளை: மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று வரிசை தப்பாது. லத்தீனில் சுருக்கத்தைக் குறிக்கும் 'ரூகா'விலிருந்து வந்ததாம்.

அப்புறம் பலகையில் இன்னொரு சொல்லை எழுதினார்: knobbly. வகுப்பே ஒரே குரலில் "க்நொப்லி" என்று வாசித்தது. "கே வாய் திறக்காது" என்று சொல்லி, முன் வாங்கில் இருந்த நெட்டையனை எழுப்பினார். அரைக் காற்சட்டைக்குக் கீழே, மெலிந்த காலில் இரண்டு முழங்கால்களும் முண்டு முண்டாகத் தெரிந்தன. விளக்கமே தேவைப்படவில்லை. அவனுடைய சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று.

ஆங்கிலம் பேசும் இந்த நாட்டுக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகு ஒரு டொக்டரிடம், கழுத்தில் லம்ப் இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறியது. கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். எத்தனை கிழமையாக, வளர்கிறதா, எடை குறைந்ததா என்று கேள்விமேல் கேள்வி. கடைசியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், சவரம் செய்த இடத்தில் முடி உள்ளே வளைந்து வந்த சின்னப் பரு. "இது பம்ப்" என்று சிரித்தார். தோலுக்கு அடியில் திரண்டு கிடப்பதைத்தான் அவர்கள் லம்ப் என்பார்களாம். தலையணையைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தவன்தான், என்ன செய்ய!

போன சங்கக் கூட்டத்தில் நெட்டையனைக் கண்டேன். வயிறு வைத்திருக்கிறான், நீளக் காற்சட்டை, முழங்கால் தெரியவில்லை. பின்னால் நின்று "க்நொப்லி!" என்றேன்.

திரும்பாமலே சொன்னான்: "கே வாய் திறக்காது."