திரும்பிப் போகாத போத்தல்கள்

சிங்கப்பூரின் ஏபிசி பிரிக்வொர்க்ஸ் உணவங்காடியில் சாப்பிடுகிற பலருக்கும் அந்த ஏபிசி எதைக் குறிக்கிறது என்று தெரியாது. ஆர்க்கிபெலாகோ புரூவரி கம்பெனி. 1933இல் ஜெர்மன்காரர்கள் அலெக்சாண்ட்ரா சாலையில் திறந்த பீர் ஆலை அது. அவர்கள் விற்ற பீர், ஆங்கர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹைனெக்கனும் ஃபிரேசர் அண்ட் நீவும் கூட்டாக நடத்திய மலாயன் புரூவரிஸ் அதே சாலையில் டைகர் பீரைக் கொண்டுவந்திருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் ஆலை எதிரிச் சொத்தாகிவிட்டது. 1941இல் டைகர்காரர்களே அதை வாங்கிக்கொண்டார்கள். ஆலை 1990இல் துவாஸுக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் இப்போது ஆங்கர்பாயிண்ட் கடைத்தொகுதி நிற்கிறது.

நான் சேர்ப்பது இந்த இரண்டு ஆலைகளின் போத்தல்களை. "காலிப் போத்தலுக்கு வெள்ளி கொடுக்கிற ஒரே ஆள் நீங்கதான்" என்பார் வீட்டுக்காரம்மா. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்படும்வரை அங்கேதான் தேடுவேன். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சீனத் தாத்தாக்களிடம் பாசார் மலாயில், அதாவது கொச்சையான சந்தை மலாயில், பேரம் பேசுவதே தனிச் சுகம். இப்போது எல்லாம் இணையத்தில். அங்கே பொய் அதிகம். "1930, கையால் ஊதியது" என்று போட்டு விலையை ஏற்றுவார்கள். அச்சின் கோடு போத்தலின் வாய்வரை ஏறியிருந்தால் அது இயந்திரத்தில் வார்த்தது. 1930களின் பீர் போத்தல்கள் பெரும்பாலும் அப்படித்தான். மூடியோடு கிடைத்தால் உள்பக்கத்தைப் பாருங்கள், பழைய மூடிகளில் நிஜமான தக்கை வட்டம் ஒட்டியிருக்கும்.

பெரிய போத்தல்கள் அந்தக் காலத்தில் ஆலையின் சொத்து மாதிரிதான். குடித்து முடித்ததைக் காப்பிக்கடை திருப்பி அனுப்பும், பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் வீட்டு வாசலில் வந்து வாங்கிப் போவார். ஆலையில் காரநீரில் கழுவி மறுபடி நிரப்புவார்கள். போத்தலில் ஒட்டிய முத்திரைக் காகிதம் ஒவ்வொரு முறையும் கழன்று போகும். அதனால்தான் பழைய காகிதத்தோடு ஒரு போத்தல் கிடைப்பது அவ்வளவு அபூர்வம். யோசித்தால், என் அலமாரியில் இருப்பதெல்லாம் ஆலைக்குத் திரும்பாமல் தப்பியவை. நல்லெண்ணெய், மண்ணெண்ணெய், வினிகர் என்று ஏதோ ஒன்றை ஊற்றி வைக்க யாரோ நிறுத்திக்கொண்டவை. எங்கள் அம்மாவும் அடுப்படியில் டைகர் போத்தலில்தான் எண்ணெய் வைத்திருந்தார். இத்தனைக்கும் வீட்டில் யாரும் பீர் குடித்ததில்லை!

போத்தலின் தோள்பட்டையிலும் அடியிலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருக்கும். பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசி வந்த தேய்மானம். மற்ற சேகரிப்பாளர்கள் இதைக் குறை என்பார்கள், பளபளப்பானதற்குத்தான் காசு. எனக்கோ தேய்ந்ததுதான் வேண்டும். எத்தனை காப்பிக்கடை மேசைகளைப் பார்த்திருக்கும் அது!

1941க்கு முந்தைய ஆங்கர், காகிதத்தோடு, இன்னும் எனக்குச் சிக்கவில்லை. பாட்டி வீட்டுப் பரணில் யாருக்காவது கிடைத்தால் சொல்லுங்கள். தயவுசெய்து கழுவிவிடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இருக்கட்டும்.