ஈரப்புல்லை எடைபோட்ட கதை

என் மட்டக்குதிரைக்குப் பிடரி மேடு ஒருபக்கம் சாயும் அளவுக்குத் தடித்து, அழுத்தித் தேடினாலும் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத நிலை வந்தபோதுதான் கால்நடை மருத்துவரை அழைத்தேன். எடை 300 கிலோ. குளம்புகளில் அழற்சி இல்லை என்று பார்த்துவிட்டு, இன்சுலின் சோதனைக்கு ரத்தம் எடுத்தார். தானியத்தை அறவே நிறுத்தி, உடல் எடையில் 1.5 விழுக்காடு உலர்பொருள், அதாவது ஈரம் நீங்கலான தீவனம், கிடைக்க வேண்டும்; காய்ந்த புல்லிலும் சிறிது ஈரம் இருப்பதால் நாளொன்றுக்கு ஐந்தேகால் கிலோ காய்ந்த புல் கொடுக்கச் சொன்னார். சர்க்கரைச் சத்து கரைந்து வெளியேறுவதற்காகப் புல்லை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். ஊறிய புல்லை வலைப்பையில் திணித்து, நீர் சொட்டச் சொட்டத் தொங்குதராசில் மாட்டி, முள் ஐந்தேகாலைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டேன். அதில் பாதிக்குமேல் தண்ணீர் என்பது ஒன்பது நாள்கள் எனக்கு உறைக்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் அது தலையைத் தொங்கவிட்டு, புல்லைத் தொடாமல் நின்றது. பத்தியம் பிடிக்காமல் முரண்டு பிடிக்கிறது என்று எண்ணி அரைநாளை வீணாக்கினேன். மருத்துவர் எடுத்த ரத்தத்தில் சிவப்பு அடியில் படிந்தபின், மேலே நின்ற திரவம் பால்போல் வெளுத்திருந்தது. பட்டினி கிடக்கும் மட்டக்குதிரையின் உடற்கொழுப்பு ரத்தத்தில் பெருக்கெடுத்துக் கல்லீரலை அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்தானது. மூக்குவழிக் குழாயில் ஊட்டமும் நரம்பில் குளுக்கோஸும் ஏற்றி, ஐந்து நாள்களில் மீட்டோம்.

ஆகவே, புல்லை உலர்ந்த நிலையில் நிறுத்துவிட்டு அதன்பின் ஊறவையுங்கள். ஊறலில் தாதுக்களும் போய்விடுவதால் அவற்றை ஈடுசெய்யும் கலவையைத் தனியே கொடுக்க வேண்டும். வெயில் காலத்தில் நெடுநேரம் ஊறினால் புளித்துவிடும். என் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, அதைக் குறைசொல்ல முடியாது.

மேய்ச்சல் நேரத்தைக் குறைத்தால் போதும் என்று நம்பியதும் பலிக்கவில்லை. இரண்டு மணிநேரம் விட்டால் அந்த இரண்டு மணிநேரமும் தலைநிமிராமல் அள்ளி விழுங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் மேயவிடும் வாய்க்கூடு மாட்டிய பிறகே கட்டுக்குள் வந்தது. முதல் வாரத்தில் அதை மும்முறை வேலிக்கம்பத்தில் தேய்த்துக் கழற்றிவிட்டது என்பது வேறு விஷயம். படுக்கைக்குப் போட்ட வைக்கோலையும் இரவோடிரவாகத் தின்பதைக் கண்டுபிடித்து, மரச்சீவலுக்கு மாற்றினேன்.

வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், நெஞ்சைச் சுற்றி ஒரே இடத்தில் நாடா பிடித்து அளந்து எடையைக் கணிக்கிறேன். நான்கு மாதங்களில் 274 கிலோவுக்கு வந்திருக்கிறது. போன வாரம் தேய்த்துவிடும்போது இடப்பக்கம் ஒரு விலா எலும்பு உள்ளங்கையில் இடறியது. நம்பாமல் மறுபக்கம் போய்த் தடவிப் பார்த்தேன், அங்கும் இருந்தது.