புறக்கோட்டையை நிமிர்ந்து பார்த்தால்

துபாய்க்குப் போகிறவர்கள் கண்ணாடிக் கோபுரங்களைப் படம்பிடித்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அங்கே மனதில் நின்றது ஓடைக்கரையில் இருக்கிற அல் ஃபஹிதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈரானின் பஸ்தக் பக்கமிருந்து வந்த வியாபாரிகள் குடியேறிய இடம், அதனால் பஸ்தாக்கியா என்றும் பெயர். சந்துகள் வெயில் உள்ளே இறங்க முடியாத அளவுக்கு ஒடுக்கம். வீடுகளுக்கு மேலே சதுரமாக ஒரு காற்றுக் கோபுரம், நாலு பக்கமும் திறப்பு. அண்ணாந்து பார்த்தால் உள்ளே பெருக்கல் குறியாக இரண்டு தடுப்புச் சுவர் தெரியும். எந்தத் திசைக் காற்றும் அதில் முட்டி அறைக்குள் இறங்கும், சூடான காற்று மறுபக்கத்தால் வெளியே போகும். கீழே நின்றபோது முகத்தில் காற்றுப் படத்தான் செய்தது.

அங்கே வேலை செய்கிற மச்சான்தான் கூட்டிப்போனான். அவன் லீவில் கொழும்பு வந்தபோது பதிலுக்கு நான் அவனைக் கொழும்பின் பழைய கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டைக்கு இழுத்துப்போனேன். "புறக்கோட்டையில பாக்க என்ன மச்சான் இருக்கு? சாமான் வாங்கத்தானே போறது" என்றான். கொழும்பில் பிறந்து வளர்ந்தவன்தான் இப்படிக் கேட்பான்.

ஞாயிறு காலை போவது நல்லது. மொத்தக் கடைகளில் பாதிக்கு மேல் பூட்டியிருக்கும். சுமை தூக்குகிற நாட்டாமைமார் மூட்டை ஏற்றிய வண்டியோடு பின்னால் வந்து விரட்ட மாட்டார்கள். நின்று, நிமிர்ந்து பார்க்கலாம்.

கோட்டை ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்தால் மெயின் வீதி தொடக்கத்தில் கான் மணிக்கூட்டுக் கோபுரம். பம்பாய்ப் பார்சிக் குடும்பம் ஒன்று தந்தையின் நினைவாக 1923இல் கட்டியது. அதைத் தாண்டி இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் திரும்பினால் சம்மாங்கோட்டுப் பள்ளி. ஜாமிஉல் அல்ஃபார் என்பது முழுப்பெயர், சுற்றுலாக்காரருக்குச் சிவப்புப் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். வரைந்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக் கலை படித்தவரல்ல. வியாபாரிகள் காட்டிய படங்களை வைத்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறார். சிவப்பும் வெள்ளையும் ஓரிடத்தில் பட்டையாக ஓடும், இன்னோரிடத்தில் முறுக்கிக்கொண்டு தூணில் ஏறும், வேறோரிடத்தில் கட்டம் கட்டமாக நிற்கும். மேலே மாதுளம்பழ வடிவக் குவிமாடங்கள். படித்த கலைஞர் யாரும் இத்தனையையும் ஒரே சுவரில் போடத் துணிந்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். மச்சான் தெருவின் எதிர்ப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றும் முழுக் கட்டடமும் அவன் போனுக்குள் அடங்கவில்லை. தெரு அவ்வளவு ஒடுக்கம்.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் அருங்காட்சியகம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வீடு, பிறகு அநாதை இல்லம், மருத்துவமனை, படைமுகாம், தபாற் கந்தோர் என்று கைமாறி வந்தது. உயரத் தூண்களோடு விறாந்தை, நடுவில் முற்றம். எங்கள் ஊரில் வெயிலோடு மழையையும் சமாளிக்க வேண்டுமே! உள்ளே போக நேரமில்லை, தூண்களோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்த வீதிகளில் கீழ்த்தளத்தை மட்டும் பார்த்தால் போர்டும் பொலித்தீனும்தான். மேல்மாடியில் மரச் சட்டம் வைத்த ஜன்னல், பூவேலை, சில இடங்களில் கட்டிய ஆண்டு. அடுத்த கட்டடத்தில் அதையெல்லாம் அலுமினியத் தகடு அடித்து மூடிவிட்டார்கள். அல் ஃபஹிதியிலும் 1980களில் பாதியை இடித்துத்தான் விட்டார்கள். அங்கே குடியிருந்த பிரித்தானியக் கட்டடக் கலைஞர் ரேனர் ஓட்டர் மிச்சத்துக்காகப் போராடி, 1989இல் இளவரசர் சார்ல்ஸ் வந்து பார்த்த பிறகு இடிப்பு நின்றது. "அங்க சுவர் மிஞ்சிச்சு, ஆனா இப்ப கஃபேயும் கலரியும்தான் கூட. இங்க இன்னும் யாவாரம் நடக்குது" என்றான் மச்சான். சரிதான். ஆனால் யாவாரம் நடக்கிறது என்பதற்காகத் தகடு அடிப்பதை என்னால் மன்னிக்க முடியாது.

அப்புறம் கெய்மன் கேட் மணிக்கோபுரத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் வுல்பெண்டால் தேவாலயம். 1749இல் அடிக்கல், 1757இல் திறப்பு. சிலுவை வடிவம், ஏறக்குறைய 5 அடி தடித்த சுவர். கபுக் கல்லும் (செம்புரைக்கல்) பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. அல் ஃபஹிதிச் சுவர்களும் பவளக்கல்தான். அங்கே பூச்சு விடாத இடத்தில் துளைத்துளையாகத் தெரியும், தடவினால் கையில் உரசும். இங்கே பூச்சு மூடியிருக்கிறது. கடல் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள் கையில் கிடைத்ததைத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

அங்கிருந்து கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டியதை, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் திருப்பணி செய்தார். கொழும்புக் கோயில்களில் வழக்கமாகக் காணும் வர்ணப்பூச்சு இல்லை, தூணும் கூரையும் வெறுங்கல். கடைத்தெருச் சூட்டிலிருந்து உள்ளே போனால் முதலில் கால்தான் குளிரும். மச்சான் ஒரு தூணில் சாய்ந்து நேரம்போவது தெரியாமல் இருந்துவிட்டான். நடை சாத்துகிற நேரம் என்று ஐயர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே போகிறவர்கள் நடுப்பகலுக்கு முன்பே இங்கே வந்துவிடுங்கள்.

செட்டியார் தெருவை மட்டும் ஞாயிற்றில் வைக்காதீர்கள். நகைக்கடைகள் மூடியிருந்தால் அந்தத் தெருவுக்கு முகமே இல்லை. ஆடியில் வேல் விழாவுக்கு இரண்டு கதிரேசன் கோயில்களும் களைகட்டும்போது போனால் இன்னும் நல்லது. மச்சானுக்கு அடுத்த லீவு ஆடியில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.