உங்கள் பேரனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஓர் அம்மாள் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்யில்லை. ஆனாலும் அது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தானா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவள் நான். (ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும் அடுத்த ஆண்டில் 60 ஆகவும் உயர்த்தியதெல்லாம் நான் வெளியே வந்த பிறகுதான்.) வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, பேரனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்தேன். என்றாலும் மாலையில் மகள் அலுவலகக் கதைகளோடு வரும்போது, பதிலுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இருக்காது. அதனால் ஒரு தனியார் மருத்துவமனை அழைத்தபோது, ஓய்வூதியம்தான் வருகிறதே என்று மகள் தடுத்தும், பேரனைக் காப்பகத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் முழங்கால் வலியே மறந்தது என்று சொன்னால் மருத்துவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

அந்த அம்மாளின் மகளுக்கு எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்ததால், குழந்தையை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். தாய் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். ஒன்றரைக் கிலோவைச் சற்றே தாண்டிய குழந்தை தானாக மூச்சுவிடத் தொடங்கியதும் கங்காரு பராமரிப்பைத் தொடங்கலாம் என்றார்கள். தொப்பியும் காலுறையும் அணையாடையும் மட்டும் போட்டு, வெற்று மார்பில் நிமிர்த்திக் கிடத்தித் துணியால் கட்டிக்கொள்ளும் முறை இது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர்கள் போதாத நிலையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்கிறது. தாயால் முடியாதபோது வீட்டாரில் வேறொருவர் செய்யலாம் என்பதால், நான் பாட்டியை அழைத்துப் பேசினேன். சில வாரங்கள் வேலைக்குப் போகாமல் இங்கேயே இருக்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுபவர். கணவர் இறந்த பிறகு, அறுபதை நெருங்கும் வயதில், இளமையில் விட்ட வேலைக்குத் திரும்பியிருந்தார். "இத்தன வருசமா சோறாக்கிப் போட்டனுங்க, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க. இப்ப சனிக்கிழமை சம்பளம் வந்தா, என்ன வாங்கலாம்னு மகனே என்னக் கேக்கறானுங்க," என்றார். பல நாள் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க சிஸ்டர், உங்க பேரனை யாருங்க பார்த்துக்கறாங்க?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதாகத்தான் தோன்றியது, அதுதான் சங்கடம். அவன் வளர்ந்துவிட்டான், காப்பகத்தில் நன்றாக இருக்கிறான், இந்தக் குழந்தைக்கு அந்த அவகாசம் இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசாமல், எப்படி உட்கார வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இன்று அதே நிலை வந்தாலும் அதையேதான் கேட்பேன். எடை குறைந்த குழந்தைக்கு உடல் சூடு தணியாமல் இருப்பதும் தொற்று அண்டாமல் இருப்பதும் உயிர்ப் பிரச்சினை; அதற்கு முன்னால் ஒருவருடைய வாரச் சம்பளத்தை வைத்துத் தராசு பிடிக்க முடியாது. இப்படிச் சொல்லி முடிக்கும்போதே, தராசில் வைக்கப்பட்டது யாருடைய சம்பளம் என்ற எண்ணமும் வருகிறது. ஓய்வூதியம் உள்ள நான் வேலைக்கு வந்தது மனநிறைவுக்காக. அவருக்கோ அதில் மனநிறைவும் இருந்தது, சோறும் இருந்தது. என் வேலைக்குப் படிப்பு வேண்டும், அவர் வேலையை யாரும் செய்துவிடலாம் என்ற கணக்கு என் மனத்தின் ஓரத்தில் இருந்திருக்குமோ? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அவரிடம் நான் கேட்டதை என் மகள் என்னிடம் கேட்டபோது, முடியாது என்று சொல்ல எனக்கு நெடுநேரம் ஆகவில்லை.

குழந்தை எடை கூடியது, தாயும் தேறினாள். மறுபரிசோதனைக்கு வந்தபோது நானாக விசாரித்ததில், கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை. மகளுக்கு உதவியாக வீட்டில்தான் இருக்கிறாராம்.

குழந்தையின் தகப்பன் அந்த நாட்களிலெல்லாம் வெளியே தாழ்வாரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மார்பிலும் அதே சூடுதான். அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தாய்மார்கள் பாலூட்டும் அறைக்குள் ஆண்கள் வரக் கூடாது என்பது பிரிவின் விதி, அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு மூலையில் மறைப்புத் திரையும் சாய்வு நாற்காலியும் போட்டுக் கொடுத்தால் பகலில் தகப்பனும் இரவில் பாட்டியுமாக மாறிக்கொள்ளலாம் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அதுவரை பாட்டிகளைத்தான் அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம், வேலைக்குப் போகிறீர்களா என்று முதலில் கேட்டுவிடுகிறேன், போகிறேன் என்று சொன்னால் என்ன செய்வது என்று தெரியாமலேயே.