ஜூலையில் நின்றுபோன பிள்ளைக்காசு

ஜூலை 20 அளவில் வங்கிக் கணக்கைப் பார்த்தால் பிள்ளைக்காசு, அதாவது பிள்ளை வளர்க்கக் கனடிய அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை, விழவில்லை. வேலை மாறவில்லை, வீடு மாறவில்லை, பிள்ளையும் அதே பள்ளிக்கூடம்தான். கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களை இந்த அதிர்ச்சி அடிக்கடி தாக்குகிறது. விசாரித்தால் தெரியவரும்: கணவர் வரிக்கணக்குக் கொடுத்திருக்கிறார், மனைவி கொடுக்கவில்லை.

“ஒரு சதமும் உழைக்காத ஆளுக்கு என்ன வரி?” நியாயமான கேள்விதான். இலங்கையில், நம் ஊரில், வரி என்றால் முதலாளிமார் பாடு, உதவிக்காசு என்றால் விதானையார் என்ற ஊர் அரச அலுவலரின் பட்டியல். இரண்டும் ஒரே மேசைக்கு வந்து நாம் பார்த்ததில்லை. இங்கே இரண்டையும் சின் நம்பர் என்ற ஒன்பது இலக்கங்கள் கட்டிவைத்திருக்கின்றன. 1964இல் சமூகக் காப்புறுதிக்காகத் தொடங்கிய எண் அது. 1967இலிருந்து வரிக்கணக்குக்கும் அதுவே.

நம் பழைய இலங்கை அடையாள அட்டையிலும் ஒன்பது இலக்கம்தான், கடைசியில் ஓர் எழுத்து. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள். பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார்கள். சின் நம்பரில் அப்படி வாசிக்க அதிகம் இல்லை. முதல் இலக்கம் 9 என்றால் தற்காலிகமாக வந்தவர், அந்த எண்ணுக்குக் காலாவதித் திகதியும் உண்டு.

பிள்ளைக்காசுக்கு ஆர்.சி. 66 படிவம். தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால் தாயின் பெயரிலேயே போடுங்கள். பிள்ளையைப் பார்ப்பவர் தாய் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. வந்த புதிதில் பார்ப்பதற்குக் கனடிய வரிக்கணக்கு இல்லை. அதனால் வருவதற்கு முன் ஊரில் உழைத்ததைக் கனடிய டொலரில் எழுதும் இணைப்புப் படிவமும் வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றும் வையுங்கள். அந்த இணைப்பை மறந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அநேகம்.

அதன் பிறகு தனி விண்ணப்பம் கிடையாது. ஆண்டுதோறும் இருவரும் ஏப்ரல் 30க்குள் கொடுக்கும் வரிக்கணக்குத்தான் விண்ணப்பம். இரண்டு சின் நம்பர்களின் கீழும் உள்ள வருமானத்தைக் கூட்டித்தான் ஜூலை முதல் அடுத்த ஜூன் வரைக்கான தொகை முடிவாகிறது. ஒருவரின் கணக்கு இல்லையென்றால் கூட்ட முடியாது, காசு நின்றுவிடும். வருமானம் பூச்சியம் என்றால் பூச்சியம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டில் ஆறு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளைக்கு உச்சத்தொகை 7,997 டொலர். அவ்வளவு காசு ஒரு பூச்சியத்துக்காக நிற்பது மனதைச் சுடுகிறது. பிந்தியாவது கொடுத்தால் நின்ற மாதங்களுக்கும் கணக்குப் பார்த்துத் தருவார்கள். மார்ச், ஏப்ரலில் தொண்டர்கள் இலவசமாகவே கணக்கு நிரப்பித் தருகிறார்கள், வருமானம் குறைந்தவர்கள் அவர்களிடம் போகலாம்.

அடுத்த சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கணவருக்கும் மனைவிக்கும் அவரவர் தகப்பன் பெயர், பிள்ளைக்குக் கணவர் பெயர். மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர் இருப்பதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் சின் பதிவில் முதற்பெயராக இருப்பது வரிக்கணக்கில் கடைசிப் பெயராகக் கூடாது. பிறந்த திகதியில் நாளும் மாதமும் இடம் மாறினாலும் பதிவுகள் பொருந்தாது. குடிவரவுப் பத்திரத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் 9இல் தொடங்கும் எண் போய்ப் புது எண் வரும். அதை வேலையிடத்துக்கும் வங்கிக்கும் வரித் திணைக்களத்துக்கும் உடனே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சம்பளத்தில் பிடித்த ஓய்வூதியக் காசு பழைய எண்ணின் கீழேயே பதிவாகலாம். சேர்விஸ் கனடா என்ற அரச சேவை நிலையத்தின் இணையக் கணக்கில் ஆண்டுவாரியான பங்களிப்புப் பட்டியல் இருக்கிறது. வேலை செய்த ஆண்டு ஒன்று வெறுமையாகக் கிடந்தால் சம்பளத் துண்டோடு போய்க் கேளுங்கள்.

பிள்ளைக்கும் சின் நம்பர் எடுத்துவிடுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்தில் 2004இலோ அதற்குப் பின்போ பிறந்த பிள்ளையின் கல்விச் சேமிப்புக்கு அரசு முதலில் 500, பிறகு தகுதியுள்ள ஒவ்வோர் ஆண்டும் 100 என்று 2,000 டொலர் வரை போடும். நாம் ஒரு சதமும் போடத் தேவையில்லை. அம்மா அப்பாவின் முதியோர் உதவித்தொகையில் வருமானம் பார்த்துக் கொடுக்கும் பகுதியும் வரிக்கணக்கை வைத்தே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

நாலைந்து ஏப்ரல் கடந்தால் இதெல்லாம் கைப்பழக்கமாகிவிடும். ஆனால் குடும்ப நிலை மாறினால் அடுத்த மாத முடிவுக்குள் நாமே அறிவிக்க வேண்டும் என்ற விதி மட்டும் மனதை ஊருக்கு இழுக்கும். விதானையாருக்கு அறிவிக்க வேண்டியிருந்ததில்லை. கலியாணத்துக்கு முதல் பந்தியில் இருந்தவர் அவர். செத்தவீட்டில் பறை ஓய முன்னம் வந்து, முற்றத்துக் கதிரையில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவரும் அவர்தான்.