97 வந்ததும் நிம்மதியாகிவிட்டேன்

அம்மா பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. நாற்பது வருட விறகடுப்புப் புகைதான் அவருக்கு சிஓபிடியை, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோயைக் கொடுத்தது. போன மார்கழியில் சளி பிடித்து இளைப்பு கூடியது. மூன்றாம் நாள் காலை எழுப்பினால் 'ம்' என்றுவிட்டு மறுபடி தூங்கினார். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் மெஷின் 84 காட்டியது. வீட்டில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின் இருந்தது. பயத்தில் முழுசாகத் திருகிவிட்டேன். 97 வந்ததும் நிம்மதியாக காபி போடப் போனேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தத் தூக்கம் இன்னும் கனத்துப் போனது.

மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் அம்மாவின் கையை நீட்டிப் பிடித்து மணிக்கட்டை மேல்பக்கமாக மடக்கச் சொன்னார். கை படபடவென்று அடித்தது. மணிக்கட்டு ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களை அளக்கும் ஏபிஜி டெஸ்ட் செய்தார்கள். பிஎச் 7.26, கார்பன் டை ஆக்சைடு 78. பிஎச் குறையக் குறைய ரத்தத்தில் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம், 7.35க்குக் கீழே போகக் கூடாதாம். வெளியே போக வேண்டிய வாயு உள்ளேயே தேங்கியதால்தான் இந்த மயக்கம், இந்த நோயில் ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால் அது இன்னும் ஏறும் என்றார். 88க்கும் 92க்கும் நடுவில் இருந்தால் போதும் என்று ஆக்சிஜனைக் குறைத்தபோது, விஷயம் புரியாமல் அவரிடம் சண்டைக்கே போனேன்.

அப்புறம் பைபாப் என்கிற மூச்சு மெஷின். தொண்டையில் குழாய் இல்லை, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் மட்டும்தான். மூச்சை இழுக்கும்போது மெஷின் அழுத்தமாகக் காற்றைத் தள்ளும், விடும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். கேட்கச் சுலபம். மாட்டிய ஒரே நிமிடத்தில் அம்மா பிய்த்து எறிந்தார். "மூச்சடைக்குதுடா, எடுடா!"

வயதான ஒரு சிஸ்டர் வந்தார். பட்டையெல்லாம் வேண்டாம் என்று மாஸ்க்கை அம்மாவின் கையிலேயே கொடுத்து, மேலே தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார். "அது ஊதும்போது நீங்க இழுங்க பாட்டி, அவசரமே இல்ல." அரை மணி நேரம் நின்றுகொண்டே பிடித்திருந்தார். அழுத்தத்தையும் 10இல் ஆரம்பித்து மெதுவாகத்தான் 18 வரை கூட்டினார்கள். பிறகுதான் பட்டை, அதுவும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு. வாந்தி வருகிற மாதிரி இருந்தால் மணியடிக்கக் கூடக் காத்திருக்காமல் உடனே மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் அண்ணனையும் என்னையும் வெளியே கூப்பிட்டார். இது பலிக்காவிட்டால் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கலாமா, இப்போதே சொல்லுங்கள் என்றார். அண்ணன் போடலாம் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா நன்றாக இருந்தபோது ஒரு தடவை கேட்டு வைத்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் கழித்து பிஎச் 7.29. சாயங்காலம் 7.33. கண்ணைத் திறந்ததும் பல்செட்டைக் கேட்டார். அது என் பையில் இருந்தது. அதை மாட்டியதும் குழி விழுந்த கன்னம் நிமிர்ந்து, ஓரத்தில் உஸ்ஸென்று கசிந்த காற்றும் பாதியாகக் குறைந்தது.

மூன்று நாள் இப்படியே போனது. சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றுவார்கள். மூக்குத்தண்டில் புண் வராமல் ஒரு பஞ்சுப் பட்டை.

வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வரும் சொந்தக்காரர்கள் 90ஐப் பார்த்துவிட்டு "கொஞ்சம் கூட்டி வைக்கலாமே" என்கிறார்கள். ஆக்சிஜன் மெஷினின் திருகு மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன்.